"நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே!": ஆட்டக்காரரின் சுதந்திரமும் விளைவும் மோதும்போது என்ன செய்வது

டேபிள்டாப் ஆர்.பி.ஜி என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி, முடிவு தெரியாத செயல்களைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் கதை ஆட்டம். அதில் உலகத்தை விவரித்து விளைவுகளைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிற கேம் மாஸ்டர்களுக்காக இதை எழுதுகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பிளேட்ஸ் இன் தி டார்க், கால் ஆஃப் கதுல்ஹூ என்று எதை ஆடினாலும், மேசையில் எழும் மனத்தாங்கல்களில் பெரும்பகுதி ஒரே முடிச்சிலிருந்து வருகிறது. விரும்பியதைச் செய்யலாம் என்று ஆட்டக்காரர்களிடம் சொல்கிறோம். செய்ததற்கு ஒரு விளைவும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். இரண்டையும் தராசின் இரு தட்டுகளாக வைத்துக்கொண்டு, ஆட்டம் கட்டுமீறினால் தண்டனையைக் கூட்டுகிறோம், ஆட்டக்காரர் முகம் வாடினால் குறைக்கிறோம். எவ்வளவு கூட்டினாலும் குறைத்தாலும் அதே புகார்கள் திரும்ப வருகின்றன.

எந்த அறிகுறி தென்பட்டாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: பகடையை உருட்டுவதற்கு முன், எதைப் பணயம் வைக்கிறோம் என்று அந்த ஆட்டக்காரருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் மிகக் கடுமையான விளைவையும் ஏற்றுக்கொள்வார். தன் பாத்திரம் செத்த கதையை ஆண்டுகள் கழித்தும் ஆசையோடு சொல்வார். தெரியாமல் இருந்தால், பத்துப் பொற்காசு தொலைந்ததற்கும் கோபப்படுவார்.

உங்கள் மேசைக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் முதலாவதை எல்லோரும் படியுங்கள். மற்றவற்றில் பாதி அதிலிருந்து கிளைத்தவை.

அறிகுறி: "நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே!"

பாத்திரம் கோட்டைச் சுவரிலிருந்து அகழிக்குள் குதிக்கிறது. ஆட்டக்காரரின் மனத்தில் ஆழமான நீர் இருக்கிறது. கேம் மாஸ்டரின் மனத்தில் இருப்பதோ கோடையில் வற்றிப்போன, கூர்முனைக் கம்புகள் நட்ட அகழி. பகடை உருள்கிறது, எண் குறைவாக விழுகிறது, பாத்திரம் சாகிறது. அதன்பிறகு அரை மணி நேரம் விவாதம்.

இங்கே இருவரும் தவறான முடிவு எடுக்கவில்லை. இருவரும் வெவ்வேறு அகழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரின் மேல் நிற்கும் பாத்திரத்துக்குக் கண் இருக்கிறது. ஆட்டக்காரருக்கு உங்கள் சொல் மட்டுமே கண். பாத்திரம் நின்ற இடத்திலிருந்தே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றை நீங்கள் சொல்லாமல் விட்டால், அது இரகசியமாகாது, விடுபட்ட தகவலாகிவிடும்.

சரிசெய்யும் முறை எளிது. யாராவது விபரீதமாகத் தோன்றும் ஒன்றைச் சொன்னால் உடனே பகடையைக் கேட்காதீர்கள். "என்ன செய்கிறீர்கள், அதனால் எது கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "நீரில் விழுந்து நீந்தித் தப்புவேன்" என்று பதில் வரும். அகழியில் நீர் இல்லை என்ற செய்தி அந்த நொடியே வெளியே வந்துவிடும். 2002-இல் வந்த பர்னிங் வீல் ஆட்டம் இதை விதியாகவே வைத்திருக்கிறது: ஆட்டக்காரர் நோக்கத்தையும் செயலையும் சொல்ல வேண்டும், தோற்றால் என்ன ஆகும் என்பதை உருட்டுவதற்கு முன்பே கேம் மாஸ்டர் சொல்ல வேண்டும்.

பிளேட்ஸ் இன் தி டார்க் இன்னொரு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. பகடை உருளும் முன் கேம் மாஸ்டர் நிலைமையை மூன்றில் ஒன்றாக அறிவிக்கிறார்: கட்டுக்குள் இருக்கிறது, ஆபத்தானது, உயிருக்கே கேடு. "உயிருக்கே கேடு" என்று கேட்ட ஆட்டக்காரர் பின்வாங்கலாம், வேறு வழி யோசிக்கலாம், அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டலாம். மூன்றுமே அவர் எடுத்த முடிவு. நீங்கள் நடத்துவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸாக இருந்தாலும் இந்த ஒரு பழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். விதிப்புத்தகத்தில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

முன்பே சொல்லிவிட்டால் திகில் போய்விடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. நான் அதை ஏற்கவில்லை. திகிலையே தொழிலாகக் கொண்ட கால் ஆஃப் கதுல்ஹூவின் ஏழாம் பதிப்பைப் பாருங்கள். தோற்ற உருட்டலை ஆட்டக்காரர் மீண்டும் முயலலாம். ஆனால் இம்முறை என்ன மாற்றிச் செய்கிறார் என்று சொல்ல வேண்டும், மறுபடி தோற்றால் இன்னும் மோசமான ஒன்று நடக்கும். அது எதுவாக இருக்கலாம் என்று கீப்பர் (இந்த ஆட்டத்தில் கேம் மாஸ்டரின் பெயர்) முன்கூட்டியே கோடிகாட்டுவார். "பூட்டோடு இன்னும் மல்லுக்கட்டினால் மாடியில் இருப்பவர் விழித்துக்கொள்வார்." அதற்குப் பிறகு பகடை மேசையில் உருளும் அந்தச் சில நொடிகளில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். எது காத்திருக்கிறது என்று தெரிந்ததால்தான் அந்தப் பதற்றம்.

உண்மையிலேயே மறைந்திருக்கும் ஆபத்துகளுக்கு முழுத் தகவல் தர வேண்டாம், ஒரு தடயம் போதும். அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டம் 2010-இல் வந்தது. அதன் வழியில் வளர்ந்த ஆட்டங்களை நடத்துகிறவர்கள் கேம் மாஸ்டர் தரப்பிலிருந்து முதலில் மென்மையான அசைவு, பிறகு கடுமையான அசைவு என்று பேசிக்கொள்வார்கள். கதவுக்குப் பின்னால் கனத்த மூச்சு கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்? இது மென்மையானது. அதைக் கேட்டும் கதவைத் திறந்தால், கோரைப்பல் தோளில் இறங்குகிறது. ஆட்டக்காரருக்கு எதிர்வினை செய்ய ஒரு வாய்ப்பு கிடைத்துவிட்டதால், அடி எவ்வளவு பலமாக விழுந்தாலும் புகார் எழாது.

தகவல் எல்லாம் சரியாக இருந்தும் புகார் தொடர்ந்தால் கணக்கைப் பாருங்கள். பதுங்கிச் செல்லும் ஒருவருக்கு இருபது முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்று வையுங்கள். வெற்றி வாய்ப்பு 65 சதவீதம், நியாயமாகவே தெரிகிறது. ஆனால் வழியில் நிற்கும் ஐந்து காவலர்களுக்கும் தனித்தனியே உருட்டச் சொன்னால், ஐந்தையும் தாண்டும் வாய்ப்பு 12 சதவீதத்துக்குள் சுருங்கிவிடுகிறது. "முயன்று பாருங்கள்" என்று சுதந்திரம் கொடுத்ததுபோல் கொடுத்து, பகடையின் எண்ணிக்கையால் அதைத் திரும்பப் பிடுங்கிவிட்டீர்கள். ஒரு முயற்சிக்கு ஒரு உருட்டல், நிலைமை மாறும்வரை அதன் முடிவே செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவாகப் பதுங்கும்போதும் இதே கோளாறு வரும். ஆளுக்கு அதே 65 சதவீத வாய்ப்புள்ள நான்கு பேரில் நால்வரும் வெல்ல வேண்டும் என்றால் வாய்ப்பு ஏறக்குறைய 18 சதவீதம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு தரும் குழுச் சோதனை விதிப்படி பாதிப் பேர் வென்றால் போதும். அப்போது அதே நால்வருக்கு வாய்ப்பு 87 சதவீதம். எங்கள் குழுவில் பதுங்குவது ஒருபோதும் பலிப்பதில்லை என்று குறைப்படும் மேசைகளில் பெரும்பாலும் இந்த விதி பயன்படுத்தப்படாமலே கிடக்கும்.

அமர்வின் நடுவிலேயே இந்தக் கோளாறு வெடித்துவிட்டால் வாதாடாதீர்கள். "உங்கள் பாத்திரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை நான் சொல்லவில்லை. உருட்டலுக்கு முந்தைய நொடிக்குப் போவோம், இப்போது தெரிந்துவிட்டது, என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு நிமிடத்தில் ஆட்டம் மறுபடி ஓடத் தொடங்கும்.

அறிகுறி: கண்ணில் பட்டவரையெல்லாம் வெட்டுகிறார்கள்

கடைக்காரர், காவலர், சரணடைந்த எதிரி, யாருக்கும் தப்பில்லை. இதைக் கண்டதும் பல கேம் மாஸ்டர்கள் அடுத்த தெருவிலிருந்து அசாத்திய பலம் கொண்ட ஒரு காவற்படையை இறக்குகிறார்கள். அதனால் ஆட்டக்காரர்கள் கற்பது ஒன்றுதான்: அடுத்த முறை சாட்சி வைக்கக் கூடாது.

முதலில் பரிசைப் பாருங்கள். ஆட்டம் எதற்குப் புள்ளி கொடுக்கிறதோ, அதையே ஆட்டக்காரர்கள் செய்வார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் பதிப்பில் ஒரு போர்வீரன் இரண்டாம் நிலைக்கு ஏற 2,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும். ஒரு கோப்ளினை, அதாவது ஒரு குட்டிப் பூத எதிரியை, கொன்றால் கிடைப்பது 5. அதாவது தனி ஆளாக 400 கோப்ளின்களைக் கொல்ல வேண்டும். ஆனால் மீட்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி உண்டு. எனவே சண்டையைத் தவிர்த்து, ஏய்த்து, பேரம்பேசிப் புதையலோடு வெளியேறுவதுதான் புத்திசாலித்தனம். 2014-இன் ஐந்தாம் பதிப்பில் இரண்டாம் நிலைக்கு 300 புள்ளிகள் போதும், ஒரு கோப்ளினுக்கு 50. ஆறு கோப்ளின்களில் கணக்கு முடிந்துவிடுகிறது. கத்தியை எடுக்கச் சொல்வது ஆட்டமே. ஐந்தாம் பதிப்பிலும் சண்டையில்லாச் சவால்களுக்குப் புள்ளி கொடுக்கலாம், கதையின் மைல்கற்களை எட்டும்போது நிலை உயர்த்தலாம் என்ற வழிகள் கேம் மாஸ்டர் கையேட்டில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெளிப்படையாக அறிவியுங்கள்.

அடுத்து, கொல்வதைத் தவிர வேறு முடிவு எதிரிக்கு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா எதிரிகளும் கடைசி மூச்சுவரை போரிட்டால், வெட்டுவதைத் தவிர ஆட்டக்காரர்களுக்கு வழி ஏது? அதே 1981 பதிப்பில் இரண்டு எளிய கருவிகள் உண்டு. எதிர்ப்படும் கூட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். 2 விழுந்தால் உடனே தாக்குதல், 12 விழுந்தால் நட்பு, இடையில் பல தயக்க நிலைகள். சண்டை மூண்ட பிறகு, முதல் ஆள் விழும்போதும் கூட்டத்தில் பாதி சாயும்போதும் அவர்களுடைய மனவுறுதியைச் சோதிக்க வேண்டும். தோற்றால் ஓடுவார்கள் அல்லது சரணடைவார்கள். இந்த இரண்டையும் எந்தப் பதிப்புக்கும் கொண்டுவரலாம். ஓடிப்போன கோப்ளின் நாளை ஒரு கூட்டத்தோடு திரும்பலாம், சரணடைந்தவன் குகையின் வரைபடத்தைச் சொல்லலாம். வெட்டாமல் விட்டதில் ஆதாயம் இருக்கிறது என்பது அப்போதுதான் கையில் தட்டுப்படும்.

அதற்குப் பிறகுதான் எதிர்விளைவு. அது அளவிடக்கூடியதாக, கண்ணுக்குத் தெரிவதாக இருக்கட்டும். பிளேட்ஸ் இன் தி டார்க்கில் திருட்டுக் கும்பலின் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ஊரில் எழும் பரபரப்பு புள்ளிகளாகக் குறிக்கப்படுகிறது. ஓசைப்படாமல் முடித்தால் 0, கட்டுக்கடங்காமல் போனால் 6. யாராவது கொல்லப்பட்டால் கூடுதலாக 2. ஒன்பது கட்டங்கள் நிரம்பினால் கும்பல் தேடப்படும் அளவு ஒரு படி ஏறுகிறது. தாள் மேசை நடுவில் இருப்பதால், "இன்னும் இரண்டு கட்டம்தான் மிச்சம், இவனைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகலாம்" என்று ஆட்டக்காரர்களே பேசிக்கொள்வார்கள். கேம் மாஸ்டர் ஒரு அறிவுரையும் சொல்ல வேண்டியிருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் ஊரையே கொளுத்த விரும்பினால், ஒருவேளை அவர்களுக்கு வேண்டியது கொள்ளையர் கதையாக இருக்கலாம். ஆட்டத்தை நிறுத்திக் கேளுங்கள். நீங்கள் நடத்த விரும்பாத கதை என்றால் அதையும் சொல்லுங்கள்.

அறிகுறி: எங்கே போனாலும் அதே இடத்தில் வந்து நிற்கிறோம்

இரண்டு பாதைகள். ஆட்டக்காரர்கள் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் அதே அரக்கன்தான் எதிர்ப்படுகிறான், ஏனென்றால் கேம் மாஸ்டர் ஓர் அரக்கனைத்தான் தயாரித்திருக்கிறார். ஒருமுறை செய்தால் யாருக்கும் தெரியாது என்பார்கள். தெரிந்துவிடும் நாளில், அதுவரை எடுத்த முடிவுகள் எல்லாமே பொய்யாகத் தோன்றும். ஆட்டக்காரர்கள் அதன்பிறகு யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள், நீங்கள் இழுக்கும் பக்கம் வருவார்கள்.

பாதைகளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லாவிட்டால் அது தேர்வே ஆகாது என்பதையும் கவனியுங்கள். கிழக்குப் பாதை குறுகியது, ஆனால் மரங்களில் நகக்கீறல். மேற்கே ஒரு நாள் கூடுதல், ஆனால் வணிகர்கள் போகும் வழி. இப்போது அரக்கனைக் கிழக்கில் நிறுத்துங்கள், அங்கேயே இருக்கட்டும். அவர்கள் மேற்கே போனால் அவனைச் சந்திக்காமல் போவது அவர்கள் சம்பாதித்தது. தயாரித்தது வீணாகிறதே என்று வருத்தமாக இருந்தால், அவனை வேறொரு மலையில், வேறொரு வாரத்தில், புதிய தடயங்களோடு பயன்படுத்துங்கள்.

ஆழமான மருந்து, கதையைத் தயாரிப்பதை விட்டு நிலைமையைத் தயாரிப்பது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக 1979-இல் வந்த 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்ற ஆயத்தச் சாகசத்தில் முதல் காட்சி, இரண்டாம் காட்சி என்று எதுவும் இல்லை. ஒரு கோட்டை, சற்றுத் தொலைவில் குகைகள், அருகருகே வாழ்ந்தாலும் ஒன்றுக்கொன்று பகை பாராட்டும் கூட்டங்கள். ஒரு கூட்டத்தை இன்னொன்றுக்கு எதிராகத் திருப்பலாம், ஒளிந்து நுழையலாம், நேருக்கு நேர் மோதி அழியலாம். நீங்கள் தயாரிக்கும்போது ஒவ்வொரு தரப்புக்கும் மூன்று வரி எழுதினால் போதும்: என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார்கள், ஆட்டக்காரர்கள் தலையிடாவிட்டால் அடுத்து என்ன செய்வார்கள். மர்மக் கதையாக இருந்தால், ஆட்டக்காரர்கள் அறிந்தே ஆக வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள். ஒன்றைத் தவறவிடுவார்கள், இன்னொன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும்.

அறிகுறி: ஒரு கதவைத் திறக்க இரண்டு மணி நேரத் திட்டம்

துணிச்சல் போய்விட்ட மேசை. ஒருவர் கதவைத் தட்டுகிறார், இன்னொருவர் கம்பால் தரையைக் குத்துகிறார், மூன்றாமவர் கயிற்றின் நீளத்தைக் கேட்கிறார். பெரும்பாலும் இதன் பின்னால் முன்பு நடந்த ஒரு மரணம் இருக்கும். தோல்வி என்றால் சாவு, வெற்றி என்றால் உயிர் என்று இரண்டே விளைவுகள் இருக்கும் உலகத்தில் அளவுக்கு மீறி எச்சரிக்கையாக இருப்பது நியாயமான நடத்தைதான். அவர்களைக் குறைசொல்லாதீர்கள்.

விளைவின் படிகளைக் கூட்டுங்கள். அபோகலிப்ஸ் வேர்ல்டில் இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை 10-ஐத் தாண்டினாலோ தொட்டாலோ முழு வெற்றி, 7 முதல் 9 வரை ஒரு விலையோடு வெற்றி, 6-க்குள் என்றால் கேம் மாஸ்டர் கை ஓங்கும். பாத்திரத்தின் திறன் எண் எதையும் கூட்டாமல் உருட்டினால் அந்த நடுப்பகுதி மட்டும் ஏறக்குறைய 42 சதவீதம். கதவு திறந்துவிட்டது, ஆனால் திறவுகோல் உடைந்துவிட்டது. தப்பிவிட்டீர்கள், ஆனால் விளக்கு உள்ளேயே இருக்கிறது. இப்படி நேரம், பொருள், நற்பெயர், ஒரு நண்பரின் நம்பிக்கை என்று இழக்கக்கூடியவை பல இருந்தால், ஆட்டக்காரர்கள் இழப்பைப் பழகிக்கொள்வார்கள், துணிவும் திரும்பும்.

பிளேட்ஸில் இன்னும் தாராளமான ஏற்பாடு இருக்கிறது: நீங்கள் அறிவித்த விளைவை ஆட்டக்காரர் எப்போதும் எதிர்க்கலாம். அதற்கு அவர் பகடை உருட்டி, விழுந்தவற்றில் மிகப் பெரிய எண்ணை 6-லிருந்து கழித்து வரும் அளவு மன அழுத்தப் புள்ளிகளை ஏற்க வேண்டும். விளைவு குறையும் அல்லது விலகும், ஆனால் பாத்திரம் தேய்ந்துகொண்டே போகும். எப்போது அடியை வாங்குவது, எப்போது தடுப்பது என்பதே அவருடைய தேர்வாகிவிடுகிறது. நான் பார்த்த விதிகளில் சுதந்திரத்தையும் விளைவையும் இவ்வளவு நேர்த்தியாகப் பிணைப்பது வேறில்லை.

பகடையின் முடிவை மறைத்து மாற்றிச் சொல்வது இந்த அறிகுறிக்கு மருந்தாகாது. பாத்திரம் சாவதை உங்களால் ஏற்க முடியாத காட்சி என்றால், சாவைப் பணயமாக வைக்காதீர்கள். "இதில் தோற்றால் சாக மாட்டீர்கள், பிடிபடுவீர்கள்" என்று முன்பே சொல்லிவிட்டு எல்லோர் கண்முன்னும் உருட்டுங்கள்.

அறிகுறி: "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால் மௌனம்

இது எதிர்த்துருவம். எதையும் செய்யலாம் என்ற பரந்த உலகத்தைத் திறந்துவிட்டால், எதைச் செய்தால் என்ன ஆகும் என்ற பிடிமானம் இல்லாமல் ஆட்டக்காரர்கள் நின்றுவிடுவார்கள். மேலே சொன்ன 1979 சாகசத்தில் இதற்கு ஒரு வதந்திப் பட்டியல் இருக்கிறது. இருபது வதந்திகள், சில பொய்யானவை. ஒவ்வொருவருக்கும் ஓரிரண்டு வதந்திகளைக் கொடுத்தாலே பேச்சு தொடங்கிவிடும். உங்கள் ஆட்டத்தில் மூன்று வாய்ப்புகளை வையுங்கள். ஒவ்வொன்றிலும் கிடைப்பது என்ன, கைவிட்டால் போவது என்ன என்று ஒரு வரி சொல்லுங்கள். நான்காவதாக அவர்களே ஒன்றைக் கண்டுபிடித்தால், உங்கள் மூன்றையும் தூக்கிப்போட்டுவிட்டு அதன் பின்னால் போங்கள்.

அறிகுறி: "என் பாத்திரம் அப்படித்தான், நான் என்ன செய்ய?"

ஒருவர் தோழனின் பையிலிருந்து திருடுகிறார், அரசவையில் அரசனை ஏசுகிறார், சிறைக்குப் போவது ஐந்து பேர். இதை ஆட்டத்துக்குள் விளைவுகளால் திருத்த முயல்வது பயனற்றது. இடி விழுந்து அவர் பாத்திரம் செத்தாலும், அடுத்த பாத்திரம் அப்படியேதான் வரும். முடிவெடுத்தது பாத்திரம் அல்ல, மேசையில் அமர்ந்திருக்கும் மனிதர். அவரிடமே பேச வேண்டும். தனியாக, மரியாதையாக: "உங்கள் பாத்திரம் திருடனாக இருக்கட்டும். இந்தக் குழுவோடு சேர்ந்து பயணிக்க அவனுக்கு ஒரு காரணம் வேண்டும். அது என்ன?"

இது வராமல் தடுப்பதற்குத் தொடரின் முதல் அமர்வுக்கு முன் ஒரு உட்காரல் வையுங்கள். பாத்திரங்கள் ஒருவரையொருவர் தாக்கலாமா, திருடலாமா, எந்த வகைக் கொடுமைகள் கதையில் வரவே கூடாது என்று அப்போதே பேசி முடித்துவிடலாம். ஆட்டத்தின் நடுவே ஒருவருக்குத் தாங்க முடியாத ஒன்று வந்தால் காரணம் சொல்லாமலே நிறுத்துவதற்கு எக்ஸ் அட்டை இருக்கிறது. பெரிய எழுத்தில் எக்ஸ் என்று எழுதி மேசையில் வைத்து, வேண்டும்போது தொட்டால் போதும். ஒருவரின் சுதந்திரம் இன்னொருவரின் மாலைப் பொழுதைக் கெடுக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அறிகுறி: செய்ததெல்லாம் மறந்துபோகிறது

மூன்று அமர்வுகளுக்கு முன் சுங்க அதிகாரியை ஏமாற்றினார்கள். அதன்பிறகு அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. விளைவு இல்லாத உலகம் என்று ஆட்டக்காரர்கள் முடிவுகட்டுவதற்கு இதுவே போதும். உங்களிடம் கொடுமை குறைவு என்பதல்ல காரணம், குறிப்பேடு இல்லை என்பதுதான்.

அமர்வு முடிந்த உடனே இரண்டு வரி எழுதுங்கள்: யாரைப் பகைத்தார்கள், யாருக்குக் கடன்பட்டார்கள். பெரியவற்றுக்கு பிளேட்ஸ் பாணியில் ஒரு வட்டம் வரைந்து நான்கு, ஆறு அல்லது எட்டுக் கூறுகளாகப் பிரியுங்கள். "சுங்க அதிகாரி உண்மையைக் கண்டுபிடிக்கிறார்" என்று தலைப்பிடுங்கள். ஆட்டக்காரர்கள் துறைமுகத்தில் சத்தம் போடும்போதெல்லாம் ஒரு கூறை நிரப்புங்கள். நல்லதற்கும் இதே போல ஒரு வட்டம் வையுங்கள். அவர்கள் காப்பாற்றிய மீனவக் குடும்பம் பதிலுதவி செய்ய ஒரு நாள் வர வேண்டுமே! வட்டங்களை உங்கள் திரைக்குப் பின்னால் வைக்காமல் மேசை நடுவில் வையுங்கள். பாத்திரங்களுக்கு அறவே தெரியாத இரகசியம் ஒன்றிரண்டை மட்டும் உங்களிடம் வைத்துக்கொள்ளலாம். அடுத்த அமர்வில் ஆறில் ஐந்து கூறுகள் நிரம்பிய வட்டத்தைப் பார்த்து யாராவது, "அவரை நாமே போய்ச் சந்தித்துவிடலாமா?" என்று கேட்டால், நீங்கள் தயாரித்து வைத்த மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அந்தச் சந்திப்பை நடத்துங்கள்.